ஆண்டறிக்கை: நவம்பர் 21-ம் நம் நாள்தான்

சங்க உறுப்பினர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். ஓய்வுபெற்ற காவலர்களான நம் கடலூர் சங்கத்தின் இந்த வருட அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், சந்தா பாக்கி இருப்பவர்கள் இன்றே அவரிடம் கட்டிவிடுங்கள். மஞ்சக்குப்பத்தில் நடத்திய மருத்துவ முகாமுக்கு நல்ல கூட்டம். சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் 21 காலை வழக்கம்போல ஆயுதப்படை மைதானத்துக்குப் போனோம். 1959-ல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில், காணாமல் போன சக வீரர்களைத் தேடிப் போன போலீஸ் படையைச் சீன ராணுவம் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் வீரவணக்க நாள். துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத் தலைகுனிந்து நிற்கும் அந்த நேரத்தில், முட்டி வலியோடு வந்திருந்த நம் மூத்த ஏட்டு ஒருவர் நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை, விழா முடியும்வரை நின்றேதான் இருந்தார்.

ஆனால் அன்று எல்லாருக்கும் சேர்த்து ஒரே மரியாதை. இறந்தவர் வீட்டில் தேதி வேறாக இருக்கும். அதனால்தான் இந்த வருடம் முதன்முறையாக நவம்பர் 21 அன்றும் கூடினோம், எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) பூமிநாதனுக்காக.

திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன்காரர். 2021-ல் அந்த நாள் விடியற்காலை, நைட் ரவுண்ட்ஸில் இருந்தவர், பைக்கில் ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்துத் தன் வண்டியிலேயே துரத்தினார், மாவட்டம் தாண்டி புதுக்கோட்டை எல்லைக்குள் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி வரை போய் அவர்களை மடக்கியும் விட்டார். அங்கேதான் அவரை வெட்டினார்கள். அப்போது அவருடன் யாரும் இல்லை.

ஆட்டுக்காகவா உயிரை விட வேண்டும் என்று அப்போதே பலர் கேட்டார்கள், நம் கூட்டத்திலும் ஓர் இளைஞர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கம் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆடு காணாமல் போய் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிற அம்மாவுக்கு அந்த ஆடுதான் பேங்க் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, மகளுக்குப் பிரசவச் செலவு எல்லாமே. அந்த மனுஷியின் புகாரைப் பெரிய புகாராக எடுத்துக்கொண்ட போலீஸ்காரர் பூமிநாதன். எல்லை முடிந்ததும் வயர்லெஸ் மைக்கில் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு மனசு ஆறாதது, அவர் தனியாகப் போனதுதான். ராத்திரி ரெண்டு மணிக்குப் பூட்டிய கடைகளுக்கு நடுவே, ரவுண்ட்ஸ் வந்ததற்கு அடையாளமான பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது பின்னால் ஒரு வண்டி மெதுவாக வந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், திருப்பாப்புலியூரிலும் முதுநகரிலும் அதை அனுபவித்தவர்கள்தானே நாம். அப்புறம் 2020-ஐயும் பேசினோம். ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட எஸ்.எஸ்.ஐ. வில்சன், ஆகஸ்ட் 18 அன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போய் நாட்டு வெடிகுண்டில் இறந்த இளம் காவலர் சுப்பிரமணியன். இனி அவர்கள் இருவரின் தேதியிலும் கூடுவோம். நைட் ரவுண்ட்ஸுக்கு யாரையும் தனியாக அனுப்பக் கூடாது என்ற தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

கடைசியாக ஒன்று. பணியில் இறந்தவர்களின் மனைவிமார் குடும்ப ஓய்வூதியத்துக்கும் வாரிசு வேலைக்கும் ஒவ்வொரு மேசையாக அலைவதை நாம் பார்க்கிறோம். ஆபீஸ் எழுத்து வேலை தெரிந்த உறுப்பினர்கள் அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் இருந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை சங்கத்துக்கு அழைத்து வாருங்கள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் கார்டு மூன்றுக்கும் நகல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்