மரம் வைக்கிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை

அழகர்கோவில் அடிவாரம்
ஐப்பசி 12

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. போனில் பேசுகிற காலத்தில் நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதுவே பெரிய சந்தோஷம். அமெரிக்கன் கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு பார்த்து எழுதின அதே கையெழுத்து, கொஞ்சமும் மாறவில்லை. மருமகனுக்கு வேலை நிரந்தரமானது கேட்டு இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? சித்த வைத்தியரிடம் வாங்கின தைலம் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொண்டு போ.

இங்கே மழை நல்லபடியாகத் தொடங்கியிருக்கிறது. மூன்று நாளாகச் சாயங்காலம் சாயங்காலம் அழகர்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இறங்குகிறது. கிணற்றில் ஆறு படி ஏறிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கள்ளிக்குடிப் பக்கம் ஐந்து ஏக்கர் பார்த்திருக்கிறாய், முழுக்கத் தேக்கு வைத்துவிட்டு ஆவடியிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறாய். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டாயே, அதற்கு நன்றி. நான் நினைப்பதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த நிலத்தில் தேக்கு வேண்டாம். அதைவிட முக்கியம், முதல் மூன்று வருஷம் நீ இங்கே வந்து இருக்க முடியாது என்றால் நிலமே வாங்க வேண்டாம்.

நம் அப்பாக்கள் இரண்டு பேரும் தொண்ணூறுகளில் தேக்குக் கம்பெனியில் பணம் கட்டினது ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். இன்றைக்குச் சில ஆயிரம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சம் லட்சமாக வரும் என்று போட்டிருந்தார்கள். எங்கப்பா சொசைட்டிக் கடன் வாங்கிக் கட்டினார். அந்த ஆபீஸை ஒரு நாள் பூட்டினார்கள், பிறகு திறக்கவே இல்லை. நாடு முழுக்க அப்படி நிறையப் பேர் ஏமாந்த பிறகுதான் 1999-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. அப்பாவின் பத்திரம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பச்சை மையில் மரத்தின் நம்பர்கூடப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த மரத்தை அவர் ஒரு நாளும் கண்ணால் பார்க்கவில்லை. நீ சொந்த நிலத்தில் வைக்கப் போகிறாய், அது வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அனுப்பின வீடியோவில் பேசுகிறவரின் கணக்கு அந்தப் பழைய கணக்கேதான். ‘ஏக்கருக்கு 435 மரம், மரத்துக்கு ஒரு லட்சம், நாலு கோடி’ என்கிறார்.

அந்த 435 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பத்துக்குப் பத்து அடி இடைவெளியில் நட்டால் 435 கன்று நிற்கும். கன்று நிற்கும், சரி. ஆனால் பத்தடி இடத்துக்குள் 435 மரமும் பெருக்காது. ஏழெட்டு வருஷத்தில் ஒன்றின் தலை இன்னொன்றோடு முட்டும், எல்லாம் மூங்கில் மாதிரி ஒல்லியாக மேலே மேலே போகும். ஒன்றுவிட்டு ஒன்று வெட்டிக் கலைத்தால்தான் மிச்சம் இருப்பது பெருக்கும். கலைத்து எடுக்கிற மரத்துக்கு நல்ல விலை கிடைக்காது. இதை அந்த வீடியோவில் யாரும் சொல்லவில்லை.

என் கதை உனக்குப் பாதிதான் தெரியும். 2015 கார்த்திகையில் அந்த அடைமழை வருஷம் மூன்று ஏக்கரில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு இடைவெளியில் 900 தேக்கு வைத்தேன். எல்லாம் நாற்றுக்குச்சி, அதாவது நாற்றின் தண்டையும் வேரையும் நறுக்கின குச்சி. தை மாதம் பார்த்தால் குச்சிக்குக் குச்சி இரண்டு இரண்டு இலை. அப்போது நான் மதுரையில் வேலையில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவேன். மறு வருஷம், 2016-இல், வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனது. தமிழ்நாடு முழுக்க வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. தண்ணீர் விட ஆள் பேசியிருந்தேன். அவர் மேல் பழி போட மாட்டேன், அவர் கிணறும் வற்றித்தான் கிடந்தது. காய்ந்த மண்ணில் கரையான் ஏறியது. வேலி இல்லாத பக்கம் ஆடு நுழைந்தது. சித்திரையில் எண்ணிப் பார்த்தபோது 340 தான் உயிரோடு. ஒவ்வொரு குச்சியாக நகத்தால் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து உனக்குப் போன் செய்தேன், நீ டூட்டியில் இருந்தாய், எடுக்கவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன்.

செத்த இடத்தில் மறுபடி தேக்கு வைக்கவில்லை. மகாகனி, குமிழ், வேங்கை, வரப்பில் நாட்டு வேம்பு என்று கலந்து வைத்தேன். தெற்குப் பக்கம் மட்டும் ஒரு துண்டு மலைவேம்பு. வேலிக்குக் கிளுவைக் குச்சி ஊன்றினேன். அது வேர்விட்டு இன்றைக்கு ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத சுவராக நிற்கிறது. முதல் நாலு வருஷம் ஊடாக முருங்கை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 ரகம், ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். வீட்டுச் செலவையும் ஆள் கூலியையும் முருங்கைதான் தாங்கியது. அது இல்லாவிட்டால் மரம் பெருக்கும்வரை நான் பொறுத்திருக்க முடியாது, பணத்துக்கு அவசரப்பட்டு இளமரமாக வெட்டி விற்றிருப்பேன். முருங்கைக்கும் மரக்கன்றுக்கும் ஒரே சொட்டுநீர்க் குழாய்தான். சிறு விவசாயிக்கு அதற்கு முழு மானியம் உண்டு.

மாப்ளே, அவசரம் ஏன் கூடாது என்று மரம் விற்ற அன்றைக்குத்தான் எனக்கே முழுசாக விளங்கியது. போன பங்குனியில் குமிழ் பதினெட்டு மரம் கொடுத்தேன். வியாபாரி வந்தார், டேப்பை எடுத்தார். கட்டையின் நடுவில் சுற்றளவு 36 அங்குலம். அதை நாலால் வகுத்தார், 9. ஒன்பதை ஒன்பதால் பெருக்கினார், 81. நீளம் 10 அடி, அதால் பெருக்கி 144-ஆல் வகுத்தார். 5.6 கன அடி. பள்ளிக்கூடத்தில் படித்த உருளைக் கணக்கில் அதே கட்டை ஏழு கன அடிக்கு மேல் வரும். இது ஏமாற்று இல்லை. உருண்டைக் கட்டையைச் சதுரமாக அறுக்கும்போது ஓரம் கழிவாகப் போகும், அதற்காகக் காலங்காலமாக வந்த வழக்கம். ஆனால் விற்கிறவனுக்கு அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று பார். அதே பத்தடிக் கட்டை சுற்றளவு 24 அங்குலமாக இருந்தால் 2.5 கன அடிதான். சுற்றளவு ஒன்றரை மடங்கு ஆனால் மரம் இரண்டேகால் மடங்கு ஆகிறது. கடைசி நாலைந்து வருஷம்தான் பணம். தேக்கு மாதிரி மரத்தில் வைரம், அதாவது நடுவில் இருக்கிற கெட்டிக் கட்டை, நன்றாகப் பாய்வதும் அப்போதுதான். இளமரத்தை அறுத்தால் நடுவில் கொஞ்சம் வைரம், சுற்றிலும் வெள்ளை. வெள்ளையைப் பூச்சி தின்றுவிடும், அதற்கு எவன் தேக்கு விலை கொடுப்பான்?

அந்தக் கட்டைகளோடு நானும் அறுவை மில்லுக்குப் போனேன். சாயங்காலம் வரை நின்றேன். முதல் கட்டை அறுபட்டுப் பலகை சாய்ந்ததும் மில்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வழவழவென்று மஞ்சள் பலகை, நடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு கறுப்பு ஓட்டை. பக்கக் கிளை ஒன்று தானாகக் காய்ந்து, அதை மூடிக்கொண்டு மரம் பெருத்திருக்கிறது. “பென்சில் மொத்தத்துல இருக்கையில கைரம்பத்தால ஒட்ட அறுத்திருந்தா இந்தப் பலகை நிலைக்கதவுக்குப் போகும். இப்ப பெட்டிக்குத்தான்” என்றார். இத்தனை வருஷ வளர்ச்சி, ஒரு நிமிஷ வேலையை விட்டதால் விலை பாதி. அன்றிலிருந்து ரம்பம் இல்லாமல் தோப்புக்குள் நான் போவதில்லை. மாதம் ஒரு தடவை வருகிறவனால் இது முடியுமா, நீயே சொல்.

இப்போது நீ பார்த்த நிலம். கள்ளிக்குடி கரிசல். தேக்குக்கு ஆழமான, தண்ணீர் வடிகிற மண் வேண்டும். கரிசல் மழைக்குத் தண்ணீரைக் கட்டி நிறுத்தும், கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடித்து வேரை அறுக்கும். உசிலம்பட்டிக்குப் பெயர் கொடுத்ததே உசிலை மரம் என்பார்கள். எந்த மண்ணில் எது தானாக நிற்கிறது என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. உன் நிலத்தின் பக்கத்து வரப்புகளில் என்ன நிற்கிறது என்று பார். வேம்பும் வாகையும் நாவலும் இருந்தால் அதை வை. அட்வான்ஸுக்கு முன்னால் இரண்டு இடத்தில் ஐந்தடி ஆழத்துக்குக் குழி எடுக்கச் சொல். மூன்றடியில் சுக்கான், அதாவது கெட்டிச் சுண்ணாம்புப் பாறை, தட்டினால் மரத்தின் வேர் அதற்குக் கீழே லேசில் இறங்காது. குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார், தண்ணீர் அப்படியே நின்றால் விட்டுவிடு. போர்த் தண்ணீரையும் மண்ணையும் ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில் கொடுத்துச் சோதித்து வாங்கு. வாயில் ஊற்றிப் பார்த்து ‘லேசா உப்பு, பரவாயில்லை’ என்று தரகர் சொல்வதை நம்பாதே.

சந்தனம் பற்றிக் கேட்டிருந்தாய். 2002-க்குப் பிறகு சொந்த நிலத்தில் சந்தனம் வளர்க்கத் தடை இல்லை, ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். அது தனியாக வளராது. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைக் கொக்கி போட்டு உறிஞ்சித்தான் பிழைக்கும். சின்னதில் துவரை, பிறகு சவுக்கோ அகத்தியோ துணைக்கு வேண்டும். அதெல்லாம் செய்துவிடலாம். வைரம் பிடித்த பிறகு ராத்திரிக்கு ராத்திரி யார் காவல்? ஆவடியிலிருந்து முடியாது. நான் இங்கேயே இருந்தும் ஐந்து மரம்தான் வைத்திருக்கிறேன், அதுவும் வீட்டு முற்றத்தில். எந்த மரம் வைத்தாலும் வி.ஏ.ஓ.விடம் சொல்லி, நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல் கணக்கில் ஏற்றிவிடு. பின்னால் வெட்டும்போது அந்த ஒரு வரி இல்லாமல் அலைய வேண்டியிருக்கும்.

இவ்வளவும் எழுதினது உன்னைத் தடுக்க இல்லை. பென்ஷன் பணத்தையும் உடம்பில் இருக்கிற பலத்தையும் நல்ல வழியில் போட நினைக்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான். தங்கச்சியோடு பேசு. வாடகைக்கு ஒரு வீடு எங்கள் தெருவிலேயே காலியாக இருக்கிறது, இரண்டு அறை, பின்னால் கிணறு. மூன்று வருஷம் இங்கே இருங்கள். ஐந்து ஏக்கர் வேண்டாம், இரண்டு போதும், இந்தப் பக்கச் செவல் மண்ணிலேயே பார்க்கலாம். நம் இரண்டு பேருக்கும் அறுபத்திரண்டு ஆகிறது. நீ வைக்கிற மகாகனி பெருக்கும்போது மருமகன்தான் வெட்டுவான். அது தெரிந்துதானே வைக்கிறோம். ஆனால் காலையில் எழுந்து இரண்டு பேரும் ஒன்றாகத் தோப்புக்குப் போகிற மூன்று வருஷம் நமக்கே நமக்கு.

கார்த்திகை முதல் வாரம் கிளம்பி வா. மேற்கு ஓரத்தில் பன்னிரண்டு குழி எடுத்துத் தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஆறப்போட்டிருக்கிறேன். கன்றும் வாங்கி நிழலில் வைத்தாகிவிட்டது, எல்லாம் வேங்கை. நீ வந்துதான் நட வேண்டும் என்று விட்டிருக்கிறேன். மறுநாள் கள்ளிக்குடிக்கு இரண்டு பேருமாகப் போய் அந்தக் குழியையும் பார்த்துவிடலாம். ரயில் டிக்கெட் போட்டதும் சொல், ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்