மரத்த வாயோடு கேள்வி கேட்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எனக்குப் பல்லில் டீப் கிளீனிங் செய்தார்கள். பல்லில் கெட்டியாகப் படிந்து வெளியே தெரிகிற அழுக்கான காரையை மட்டும் எடுக்காமல், ஈறுக்கு அடியில் வேர்ப்பகுதி வரை போய்ச் சுரண்டி எடுக்கிற வேலை அது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம், எனக்குச் சில இடங்களில் 5 இருந்தது. சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்து எழுந்தபோது "இன்னைக்கு பார்த்துச் சாப்பிடுங்க" என்ற ஒரே வரியோடு அனுப்பிவிட்டார்கள். பார்த்து என்றால் எப்படி என்று கேட்கலாம் என்றால், வலி தெரியாமலிருக்கப் போட்ட ஊசியில் பாதி வாய் மரத்துப்போய் வார்த்தையே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பசியில் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். வலியே இல்லை, சரி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மென்றுகொண்டிருந்தபோது கரண்டியில் சிவப்பாகத் தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால், கன்னத்தின் உட்பக்கத்தை நானே கடித்துப் பிய்த்து வைத்திருக்கிறேன்! ஈறு வலி மூன்றே நாளில் அடங்கிவிட்டது, அந்தக் கடி ஆறத்தான் பத்து நாள் ஆனது. மரப்பு போக இரண்டு முதல் நான்கு மணி நேரம்கூட ஆகும், அதுவரை எதையும் மெல்லக் கூடாது, சூடாகக் குடிக்கவும் கூடாது, நாக்கு வெந்தாலும் தெரியாது. இதை ஊசி போடுவதற்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் சாப்பிட்டுவிட்டே போயிருப்பேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு தள்ளிப்போவது சின்ன விஷயமா?

அப்புறம் அடுத்த இரண்டு மூன்று நாள். மென்மையாக, வெதுவெதுப்பாகச் சாப்பிட்டால் போதும். முட்டை, தயிர், மசித்த காய் எல்லாம் சரி. காரமும் புளிப்பும் எரியும். சிப்ஸ், கொட்டைகள், பொடிப்பொடி விதைகள் வேண்டவே வேண்டாம், ஒரு சின்னத் துணுக்கு ஈறுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் பெரிய தொல்லை. மது கூடாது. புகை பிடித்தால் ஈறு ஆறுவது தள்ளிக்கொண்டே போகும்.

நான் செய்த இன்னொரு தப்பு, துப்பும்போது லேசாக ரத்தம் வருகிறதே என்று பயந்து இரண்டு நாள் பல் தேய்க்காமல் விட்டது. ஒன்றிரண்டு நாள் அப்படி வருவது வழக்கம்தான். மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சுத்தம் செய்த இடத்திலேயே மறுபடி அழுக்குப் படியும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தது இதமாக இருந்தது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த நாட்களில் டீ, காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள், பல்லில் கறை பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது பல் இடுக்குதான். ஒரு வாரம் கழித்து நாக்கால் தடவினால் முன்பு இல்லாத சந்து தட்டுப்படுகிறது, பல் நீண்டுவிட்ட மாதிரி இருக்கிறது, பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது. பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உண்மையில் வீங்கியிருந்த ஈறு வீக்கம் வற்றிப் பல்லோடு ஒட்டுகிறது, காரை அடைத்திருந்த இடம் காலியாகிறது, அவ்வளவுதான். கூச்சம் சில வாரங்களில் குறையும். இது தெரியாமல் எத்தனை பேர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்களோ! நான்கிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பப் போய் ஈறின் ஆழத்தை அளந்து பார்த்தால்தான் சிகிச்சை பலித்ததா என்றே தெரியும்.

பல் மருத்துவர்களிடம் நான் கேட்பது ஒரு தாள்தான். இதையெல்லாம் அதில் எழுதி, ஊசிக்கு முன்பே கையில் கொடுத்து, படிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள். நிற்காத ரத்தம், சீழ், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், மறுநாளும் விலகாத மரப்பு, இதில் எது வந்தாலும் உடனே கூப்பிட ஒரு போன் நம்பரையும் அதன் அடியில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்