நாய்க்குட்டி வாங்கும் முன்

ஐயா,

ஏற்காடு காபித் தோட்டத்துக்கோ வாழப்பாடி பக்கத்துக் காட்டுக்கொட்டாய்க்கோ காவல் நாய் தேடுவோர், சந்தையில் கூடைக்குள் கிடக்கும் குட்டியைத் தூக்கி வர வேண்டாம். பல ஊர்க் குட்டிகள் கலக்கும் இடத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் எளிதில் தொற்றும். வீடு வந்த சில நாளில் ரத்தக்கழிச்சல்தான். தாய் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள். 8 வாரம் ஆகாததைப் பிரிக்கக் கூடாது. ஈறு வெளுத்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. கூடப்பிறந்தவற்றிடமிருந்து பிரித்து, பார்வையில் படாமல் பின்னால் நின்று கைதட்டினால் தெரிந்துவிடும். (விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்!) பார்வோ தடுப்பூசியை 6-8 வாரத்தில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போட வேண்டும்; வெறிநோய் ஊசி 3 மாதத்தில். வெறும் காவலுக்கு என்றால் நல்ல நாட்டுக்குட்டியே போதும்.

– வாசகர், சேலம்