வேலை அனுமதித் தாளைச் சரிபார்க்க நாகர்கோவிலில் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைக்கென்று பணம் கட்டி ஏமாந்தவர்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி வெளிவருகின்றன. போன பணம் எவ்வளவு என்பது அவற்றில் இருக்கிறது. ஏமாந்தவர் கையில் இருந்த தாள் எது, அதை வைத்துக்கொண்டு அந்த நாட்டில் ஏன் வேலை செய்ய முடியாது என்பது பெரும்பாலும் இருப்பதில்லை. சவூதி அரேபியாவில் தம்மாம் நகரின் கட்டுமான நிறுவனம் ஒன்றில் 21 ஆண்டுகள் தொழிலாளர்களின் இக்காமா (அந்நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டை), வேலை அனுமதிக் கோப்புகளைப் பார்த்து வந்தவன் என்பதாலும், அதே ஏமாற்றத்தை என் தங்கை வீட்டிலேயே கண்டவன் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் தங்கையின் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பயிற்சி பெற்றவன். கடந்த ஆண்டு ஏஜென்ட் ஒருவரிடம் 1,60,000 ரூபாய் கொடுத்துவிட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு விமானம் ஏறினான். அந்தத் தொகைக்காகத் தங்கையின் நகைகள் வங்கியில் அடகுக்குப் போயின. அவன் கையில் இருந்தது 60 நாள் விசிட் விசா. அங்கே இறங்கிய பிறகு கம்பெனி விசாவாக மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று ஏஜென்ட் சொன்னதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவன் புறப்பட்ட மறுநாள்தான் அந்த விசாவின் நகலை என்னிடம் காட்டினார்கள். அறுபது நாள் கழிந்தும் வேலை அனுமதி வரவில்லை. ஒரு துணை ஒப்பந்ததாரரிடம் வயரிங் வேலை செய்ததற்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. விசா முடிந்த பிறகு நாளொன்றுக்கு 50 திர்ஹாம் வீதம் அபராதம் ஏறிக்கொண்டே போனது. இங்கிருந்து அனுப்பிய பணத்தில் 41 நாள் அபராதத்தைக் கட்டிய பிறகே அவனால் ஊர் திரும்ப முடிந்தது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் விசிட் விசாவில் சென்றவர் அங்கிருந்தபடியே வேலை விசாவுக்கு மாற வழி உண்டு என்பது உண்மைதான். அந்த வழி ஒன்று இருப்பதால்தான் இந்தப் பொய் இத்தனை எளிதாக நம்பப்படுகிறது. ஆனால் வேலை அனுமதி கைக்கு வரும் வரை அவர் அங்கே ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. முறையான வழியில், வேலை தரும் நிறுவனம் முதலில் அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் மூலம் பணி, சம்பளம் முதலியவற்றைக் குறிப்பிட்ட வேலைவாய்ப்புக் கடிதத்தை அனுப்ப வேண்டும். தொழிலாளி அதைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே அனுமதியும், நுழைவு விசாவும், அங்கே சென்றதும் மெடிக்கலும், எமிரேட்ஸ் அடையாள அட்டையும் வரிசையாக வரும். அமைச்சகத்தின் கடிதத்துக்கு எண் உண்டு; இணையத்தில் அதைச் சரிபார்க்கலாம். என் தங்கை மகனிடம் இருந்ததோ ஒரு நிறுவனத்தின் பெயரை மேலே அச்சிட்ட சாதாரணத் தாள். அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஆட்சேர்ப்புச் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடமிருந்து வசூலிக்கக் கூடாது என்று சொல்கிறது என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவனை வழியில் யாரும் ஏன் நிறுத்திக் கேட்கவில்லை என்று பல நாள் யோசித்தேன். விடை நம் மாவட்டத்தின் பெருமையிலேயே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல வேண்டுமானால், மத்திய அரசின் அதிகாரியான குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியை ‘இ-மைக்ரேட்’ என்ற அரசு இணையதளம் வழியாகப் பெற வேண்டும். அப்போது வேலை ஒப்பந்தம் பார்க்கப்படுகிறது. 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயமாகிறது. பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இவை எதுவும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காட்டுடன் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடத்தில் நிற்கும் மாவட்டம் நம்முடையது. நம் பிள்ளைகளில் மிகப் பலர் பத்தைத் தாண்டியவர்கள் என்பதனாலேயே, அவர்களுடைய தாளை அரசு தரப்பில் ஒருவரும் பார்ப்பதில்லை. படித்தவன் தானே பார்த்துக்கொள்வான் என்று சட்டம் கருதுகிறது. அரபு மொழியில் இருக்கும் விசாவில் தன் தொழில் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவன் எப்படிப் பார்த்துக்கொள்வான்? பத்தாம் வகுப்புத் தேறி, இந்த அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் உடையவர்களும் வேலைக்குப் புறப்படுமுன் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2018 நவம்பரில் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததால் அந்த மாத இறுதியிலேயே நிறுத்திவைத்தது. பயணத்தையே தடுக்கும் கட்டாயம் வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் கட்டாயம் வேண்டாம் என்றவர்களுக்கு உதவியாவது கிடைத்திருக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களின் நிலை இதைவிடக் கடினமானது. நம் மீனவர்கள் பல ஆண்டுகளாக ஈரானுக்கு மீன்பிடித் தொழிலுக்குச் செல்கிறார்கள். ஈரான் அந்த 18 நாடுகளில் இல்லை. பத்தாம் வகுப்பை எட்டாத மீனவர்கூட அங்கே செல்வதற்கு யாரிடமும் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே யார், எந்தப் படகில், என்ன பங்குக்கு வேலை செய்கிறார் என்ற பதிவும் உருவாவதில்லை. 2020இல் கொரோனா பரவியபோது அங்கே சிக்கிக்கொண்டவர்களில் பலரை, பந்தர் அப்பாஸிலிருந்து இந்தியக் கடற்படையின் ‘ஜலஷ்வா’ கப்பல் அந்த ஆண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு முந்தைய மாதங்களில் இந்தக் குடும்பங்கள் மனு எழுதி எழுதி அலைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

என் பணிக்காலத்தில் அதிகம் மனம் வருந்தச் செய்தது ‘ஃப்ரீ விசா’. அப்படி ஒரு விசா சவூதிச் சட்டத்தில் கிடையாது. ஒரு கஃபீலின், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளியின், பெயரில் விசா எடுத்து, அவரிடம் வேலை செய்யாமல் வெளியே கிடைத்த வேலையைச் செய்துகொள்வதையே நம்மவர்கள் அவ்வாறு சொல்கிறார்கள். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 39ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. 40ஆம் பிரிவு விசா, இக்காமா, வேலை அனுமதி ஆகியவற்றின் கட்டணத்தை முதலாளியே ஏற்க வேண்டும் என்கிறது. ஃப்ரீ விசாவில் வந்தவரிடம் கஃபீல் இவை அனைத்தையும் கேட்பார். ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலை அனுமதிக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 9,600 ரியால் வரை வரும். அதைக் கட்ட முடியாதவரின் இக்காமா காலாவதியாகும். சில கஃபீல்கள் ‘ஹுரூப்’ போட்டுவிடுவார்கள். அதாவது, வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று அரசிடம் பதிவு செய்துவிடுவார்கள். அதன் பிறகு அவர் தாமாக எக்சிட் (நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) வாங்கி ஊருக்கு வரவும் முடியாது. தாயின் இறப்புக்குப் போக முடியாமல் எங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த நம் கருங்கல் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அவர் எங்கள் நிறுவனத்து ஆள் அல்லர் என்பதால் எங்களால் அவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

கட்டணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியச் சட்டப்படி, மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 விழுக்காடு வரியுடன் 35,400 ரூபாய். அதற்கு ரசீது தர வேண்டும். பதிவு எண் இல்லாத டிராவல்ஸ்காரரோ, சப்-ஏஜென்டோ ஆள் எடுப்பதே குற்றம். ஏமாந்தவர்கள் காவல் நிலையத்துக்குச் செல்லும்போது பண மோசடி என்ற அளவில் மட்டுமே புகார் எழுதப்படுகிறது. பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாக ஏஜென்ட் சொன்னால் அத்துடன் சமாதானமாகிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றாலும், பாதிக்கப்பட்டவரோ அவருடைய பெற்றோர், மனைவி, உடன்பிறந்தோரில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று சட்டமே விலக்குத் தருகிறது. காவல் துறையினர் குடிபெயர்வுச் சட்டத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

மாவட்ட ஆட்சியரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பணம் கொடுப்பதற்கு முன், வேலை அனுமதித் தாளை எடுத்துச் சென்று காட்டிக் கேட்க நாகர்கோவிலில் ஓர் இடம் வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், அயலகத் தமிழர் நல வாரியமும் நல்ல பணியே செய்கின்றன. ஆனால் அவை இருப்பது ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில். எழுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவனந்தபுரத்தில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், வெளிநாடு செல்வோருக்கு உதவும் கேரள அரசின் நோர்க்கா அலுவலகமும் இருக்கின்றன; நோர்க்காவோ கேரளத்தவர்க்கானது. மத்திய அரசின் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண் இருப்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. தாளைச் சரிபார்க்கப் புதிய கட்டடமோ பெரிய செலவோ தேவையில்லை. ஏஜென்டின் பதிவு எண் இ-மைக்ரேட் பட்டியலில் இருக்கிறதா, விசாவில் எழுதியிருக்கும் தொழிலும் வாயால் சொன்ன தொழிலும் ஒன்றா, அது வேலை விசாவா விசிட் விசாவா என்ற மூன்றையும் பார்க்க ஒரு கணினியும், விவரம் அறிந்த ஓர் ஆளும் போதும்.

திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலேயே இதற்கென ஒரு மேசை போடலாம். பங்குப் பேரவைகளும் ஜமாஅத்துகளும் ஊர்க் கமிட்டிகளும் தங்கள் அறிவிப்புகளில் இதைச் சொன்னால், செய்தி ஒரே மாதத்தில் நீரோடி முதல் ஆரல்வாய்மொழி வரை போய்ச் சேரும். அரபு மொழியில் விசா படிக்கத் தெரிந்து, வேலை முடித்து ஊர் திரும்பியவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளமானோர் இருக்கிறார்கள். ஆட்சியர் அனுமதித்தால், திங்கட்கிழமைகளில் அந்த மேசையில் ஊதியம் எதுவுமின்றி உட்கார நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வளைகுடாவில் பணியாற்றி ஊர் திரும்பிய வாசகர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.