நாயோடு நார்வே போகிறவர்களுக்குச் சொல்லாமல் விட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டியில்) ஐரோப்பா சுற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். படங்கள் அருமை. ஆனால் வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை நம்பிக் கிளம்புகிறவர் எல்லையில் மாட்டிக்கொண்டால் அவரைவிட அதிகம் அவதிப்படப் போவது அந்த வாயில்லா ஜீவன்தான். ஜெர்மனியிலிருந்து டென்மார்க், ஸ்வீடன் வழியாக எங்கள் நாயோடு நார்வே போய் வந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற அடையாளச் சில்லைப் பொருத்திய பிறகு போட்ட ரேபிஸ் (வெறிநோய்த் தடுப்பு) ஊசிதான் ஐரோப்பாவில் செல்லும். முன்பே போட்டிருந்தால் மறுபடி போட வேண்டும், முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் பொறுக்க வேண்டும். ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து நாயைக் கொண்டுவருபவர்கள், ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்து, அதற்கப்புறம் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜூன் மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்கினால்தான் நடக்கும்.

நார்வே இதோடு விடுவதில்லை. நாட்டுக்குள் நுழைவதற்கு 120 மணி நேரம் முன்பிலிருந்து 24 மணி நேரம் முன்புவரை உள்ள இடைவெளியில் கால்நடை மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்து, அதை நாயின் பாஸ்போர்ட்டில் (அதன் சிப் எண்ணும் ஊசி விவரங்களும் உள்ள பயணப் புத்தகத்தில்) பதிந்திருக்க வேண்டும். நரிகளின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவுக்குப் பயந்துதான் இந்த ஏற்பாடு. மனிதருக்குத் தொற்றினால் கல்லீரலையே அரித்துவிடும். 2011ல் பக்கத்து ஸ்வீடனில் ஒரு நரியிடம் அதைக் கண்டுபிடித்தார்கள், நார்வேயின் பெருநிலத்துக்குள் அது வந்துவிடக் கூடாது என்று அவர்கள் கண்ணும் கருத்துமாக இருக்கிறார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. ஆனால் பயணத் திட்டம் முழுக்க இந்த ஒரு மாத்திரையைச் சுற்றித்தான் போட வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் ஓர் ஏரிக்கரை பிடித்துப்போய் இன்னும் சில நாள் தங்கலாமே என்று தோன்றும்போது கெடு ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு வாய்த்த மருத்துவர் ஸ்கேனரை நாயின் தோள்பட்டை மேல் நகர்த்தி, வந்த 15 இலக்க எண்ணைப் பாஸ்போர்ட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையையே பிரித்தார். அது தொண்டைக்குள் இறங்கும்வரை தாடையைத் தடவிக்கொண்டிருந்து, அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த மணியிலிருந்துதான் எல்லாக் கணக்கும்.

ஸ்வீடன்-நார்வே எல்லையில் தடுப்பு எதுவும் இல்லாதது போலத்தான் இருக்கும், வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். நாய் இருந்தால் நாமாகவே சுங்கத்தின் சிவப்புப் பாதையில் நிறுத்திச் சொல்லியாக வேண்டும்.

உள்ளே போனபின் இன்னொரு விதி. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாடு முழுவதும் நாயைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும், அதாவது சுற்றுலாக்காரர்கள் வரும் கோடை கிட்டத்தட்ட முழுசும். தரையில் கூடுகட்டும் பறவைகள், மேயும் செம்மறிகள், அவற்றின் குட்டிகள், இவற்றுக்காகத்தான் இது. எங்கள் வண்டிக்கு முன்னால் ரோட்டிலேயே ஆடுகள் படுத்திருந்தன. நீளமான கயிறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், போதும்.

வெயிலைப் பற்றி உங்கள் கட்டுரை பேசவே இல்லை. குளிர் நாடுதானே என்று வண்டிக்குள் நாயைப் பூட்டிவிட்டு மலையேறப் போகிறவர்களைப் பார்த்தபோது மனசு பதறியது. வெளியே 22 டிகிரிதான் இருந்தாலும் வெயிலில் மூடிக் கிடக்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 40ஐத் தாண்டிவிடும். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே நடுக்கோடையில் சூரியன் மறைவதே இல்லை. சாயங்காலம் நிழலில் நிறுத்திய வண்டி நடுராத்திரியில் வெயிலில் நிற்கும், நாயும் தூங்காமல் புரண்டுகொண்டே இருக்கும். ஜன்னல்களுக்கு இருட்டுத் திரை கட்டாயம் வேண்டும், தண்ணீர்ப் பாத்திரம் எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும்.

ஃபியோர்டு எனப்படும், மலைகளுக்கிடையே உள்நுழைந்த குறுகிய கடல் கரங்களைக் கடக்கும் குட்டிப் படகுகளில் பெரிய சிரமம் இல்லை. நீண்ட கடல் பயணத்தில் கப்பல் கிளம்பியதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், நாய் கீழே தனியாக இரும்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். நாயோடு தங்கும் அறைகள் குறைவு என்பதால் சீக்கிரமே பதிவு செய்யுங்கள். நார்வேயின் ட்ரோல்ஸ்டிகன் மலைப்பாதையின் 11 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப் போகிறீர்கள் என்றால் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் நாய்க்குச் சாப்பாடு கொடுங்கள், வளைவுகளில் வாந்தி வரும்.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை போடும்போது அந்தத் தேதிகளையும் மணிக்கணக்கையும் மட்டுமாவது ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்துவிடுங்கள் ஐயா. விதிகள் மாறக்கூடியவை. அதனால் கிளம்பும் முன் நார்வேயின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிடுவதை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்