உங்கள் ஃபேன் செட் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை: பணத்தைத் திருப்பித் தரவும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: திருமண வீடியோ எடிட்டர், கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்

பொருள்: கம்ப்யூட்டர் கேஸில் போடும் ஏஆர்ஜிபி (நிறம் மாறும் விளக்கு வைத்த) ஃபேன் செட்டும் அதை இயக்கும் கன்ட்ரோலரும் மற்ற விளக்குகளோடு ஒத்துப் போகாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் ஆறு ஃபேன் செட்டை வாங்கியதிலிருந்து அது படுத்தும் பாட்டை சாட்டிலும் மெயிலிலும் போனிலும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. டிக்கெட் எண் ஒன்று தருகிறீர்கள், பிறகு 'தீர்வு காணப்பட்டது' என்று நீங்களே மூடிவிடுகிறீர்கள். என்ன தீர்வு என்று எனக்கு மட்டும் யாரும் சொல்வதில்லை.

பெட்டியின் மேல் ஆரா சிங்க், மிஸ்டிக் லைட், ஆர்ஜிபி ஃப்யூஷன், பாலிகுரோம் என்று மதர்போர்டுக் கம்பெனிகளின் விளக்கு சாஃப்ட்வேர் நாலின் பெயரையும் வரிசையாக அச்சடித்திருக்கிறீர்கள். எந்த மதர்போர்டாக இருந்தாலும் உங்கள் விளக்கு அதற்குக் கட்டுப்படும் என்றுதானே அதற்கு அர்த்தம்? என்னிடம் போர்டு ஒரு கம்பெனி, ராம் ஒரு கம்பெனி, கிராபிக்ஸ் கார்டு இன்னொரு கம்பெனி. அவை மூன்றும் போர்டின் சாஃப்ட்வேரில் ஒழுங்காக வெள்ளைக்கு வந்துவிட்டன. உங்கள் செட்டில் முதல் இரண்டு ஃபேன் வெள்ளை, மூன்றாவது விட்டு விட்டு மினுக்குகிறது, அதற்கப்புறம் இருப்பவை தம் இஷ்டத்துக்குத் தாறுமாறான கலர். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டால் வெள்ளையாக இருந்த இரண்டும்கூட வானவில்.

இது எதனால் என்பது தயாரித்த உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 5 வோல்ட், 3 பின் விளக்குகளில் கட்டளை ஒவ்வொரு லெட்டாக (எல்இடி பல்பாக) கைமாறித்தான் போகிறது. ஒவ்வொன்றும் தனக்கான 24 பிட் நிறக் கட்டளையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும். நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கெடும். ஆக மூன்றாவது ஃபேன் பக்கம்தான் கோளாறு. எடிட்டிங் பண்ணுகிற எனக்கே புரிகிறது. அணைத்து மறுபடி போட்டதும் பழையபடி வானவில்லுக்குப் போவது உங்கள் கன்ட்ரோலரின் தனிச் சேட்டை.

வெள்ளைதான் வேண்டுமா என்று சாட்டில் ஒருவர் கேட்டார். வேண்டும். நான் கலர் கரெக்‌ஷன் செய்கிறவன். ஸ்கிரீனுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கேஸ். சுவரில் சிவப்பும் பச்சையும் ஓடிக்கொண்டிருந்தால் மணப்பெண் சேலை மெரூனா அரக்கா என்று எந்தக் கண் சொல்லும்? ஆல்பம் பார்க்க வந்த பெண் வீட்டார், "என்ன காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), ரூமே பொருட்காட்சி மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த கல்யாணத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். இந்த சீசனே போச்சு. எத்தனையோ வருஷமாகச் சேர்த்த பெயர், உங்கள் ஃபேனால் கடலில் கரைத்த மாதிரி ஆகிவிட்டது.

விளக்கை அணைத்துவிட வேண்டியதுதானே என்பீர்கள். அணைக்கச் சொல்லும் கட்டளையும் மூன்றாவது ஃபேனைத் தாண்டுவதில்லை! கன்ட்ரோலருக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா வயரைப் பிடுங்கினால் விளக்கோடு சேர்ந்து ஃபேனும் நின்றுவிடுகிறது. எங்கள் ஊர் வெக்கையில் ஃபேன் இல்லாமல் ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக எடுப்பது) போட முடியுமா?

மதுரை சர்வீஸ் சென்டருக்கு வரச் சொன்னீர்கள். கேஸைக் கைலியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இராமநாதபுரத்தில் பஸ் மாறி, பரமக்குடி, மானாமதுரை தாண்டி வந்தேன். டோக்கன், சாப்பாட்டு நேரம், இன்ஜினியர் வெளியே போயிருக்கிறார், எல்லாம் ஆன பிறகு ஒருவர் வந்தார். மதர்போர்டில் செருகவே இல்லை. கரண்டை மட்டும் கொடுத்து, வானவில் வந்ததும் என்னைப் பார்த்து, "லைட் எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்றார். அவ்வளவுதான். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால். எரிவதற்கு 30 ரூபாய் சீரியல் பல்பு போதுமே ஐயா, உங்களிடம் எதற்கு 8,400 ரூபாய் கொடுத்தேன்?

அதற்கு முன்னால் போனில் பேசிய பெண், "பக்கத்துல 4 பின் இருக்கும் சார், அதுல போட்டுப் பாருங்க" என்றார். போர்டில் அந்த 4 பின் இடம் 12 வோல்ட், உங்கள் விளக்கோ 5! அழுத்திச் செருகியிருந்தால் லெட் அத்தனையும் கருகியிருக்கும். பிறகு 'வாடிக்கையாளர் தவறு' என்று வாரண்டியை மூடியிருப்பீர்கள். உங்கள் பொருளை எரிக்க உங்கள் ஆளே வழி சொல்கிறார்.

மதுரைக்காரர் அதோடு விட்டாரா? கீழக்கரை என்றதும், "கடல் காத்து பட்டா இப்படித்தான், வாரண்டி வராது" என்றார். உப்புக் காற்றில் செம்பு பச்சை பூப்பதும் ஸ்குரூ தலை பொரிந்து உதிர்வதும் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். உங்கள் கனெக்டர் பின்கள் இன்றும் புதுசாகப் பளபளக்கின்றன. போட்டோ இணைத்திருக்கிறேன். சரி, கடற்கரைக்காரனுக்கு வாரண்டி இல்லையென்றால் அதையும் பெட்டியில் அச்சடியுங்கள்.

கடைக்காரர் கம்பெனியைக் கேள் என்கிறார், நீங்கள் போர்டுக் கம்பெனியைக் கேள் என்கிறீர்கள், அவர்கள் மறுபடி உங்களைக் கை காட்டுகிறார்கள். விளக்குகளைக் கட்டுப்படுத்த விண்டோஸ் 11-இல் இருக்கும் டைனமிக் லைட்டிங்கிலும் பார்த்தேன், உங்கள் கன்ட்ரோலர் பட்டியலில் வரவே இல்லை.

தயவுசெய்து இந்த ஒரு கடிதத்தையாவது முழுசாகப் படியுங்கள். யாருடைய வேலைக்கும் உலை வைப்பது என் நோக்கமல்ல. ஆனால் இதையும் 'தீர்வு காணப்பட்டது' என்று மூடினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவேன், இராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. பஸ் ஏறி வர வேண்டியது அப்போது நீங்கள்.

எனக்கு மாற்று செட் வேண்டாம். 8,400 ரூபாயும், மதுரைக்கு வந்துபோன செலவும், அந்த இன்ஜினியரிடமிருந்து எழுத்தில் ஒரு வருத்தமும் வேண்டும். பொருளை எடுத்துப்போகக் கூரியர் ஆளைக் கீழக்கரைக்கு அனுப்புங்கள். மதியம் 2 மணிக்கு மேல் வந்தால் என் கடையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், கனெக்டர் போட்டோ, மூன்றாவது ஃபேன் மினுக்கும் வீடியோ (சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், கோபத்தில் கொஞ்சம் பேசியிருக்கிறேன்).