ழான் மான்ஸ் நடைக்கு வந்த, கூடநிண்ட எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை பழைய மொன்றியல்ல, இந்த ஊரைத் தொடக்கினவையில ஒருத்தியும் ஆஸ்பத்திரி கட்டினவவுமான ழான் மான்ஸ் பற்றித் தமிழில கதைச்சுக்கொண்டு ஒரு நடை போனமெல்லோ, அதுக்கு உதவின ஆக்களுக்கு நன்றி சொல்லத்தான் இது.

முதல்ல பிரெஞ்சில வாசிச்சுத் தமிழில எழுதித் தந்த தம்பிக்கு. கனபேர் ழான் மான்ஸைக் கன்னியாஸ்திரி எண்டுதான் நினைக்கினம், இல்ல, பிரான்சில லாங்ர் எண்ட ஊரில 1606ல பிறந்த சாதாரண மனுசி, போரும் கொள்ளைநோயும் வந்த நேரம் அங்க நோயாளரைப் பாத்துப் பழகினவ, 1641ல லா றோஷெல்ல கப்பலேறி அடுத்த வருசம் மே மாசம், குடியேற வந்தவைக்குத் தலைவரா இருந்த மேசொன்னேவோட இங்க வந்து ஊரைத் தொடக்கினவ.

பிறகு ரிட்டயர் ஆன நேர்ஸ் அக்கா. 1645ல ஆஸ்பத்திரி கட்டின சென் போல் தெருவில நிண்டு அவ சொல்லச்சொல்ல ஒருத்தரும் அசையேல்ல. காயம் கட்டுறது, கணக்குப் பாக்கிறது, காசு சேர்க்கிறது எல்லாம் ழான் மான்ஸ்தான். 1657ல ஐஸில விழுந்து வலது கை முறிஞ்சும் (விண்டரில விழுந்த அன்ரிமார் எல்லாரும் தலையாட்டினவை) பிரான்சுக்குப் போய் 1659ல மூண்டு ஆஸ்பத்திரிக் கன்னியாஸ்திரிகளைக் கூட்டிக்கொண்டு வந்திட்டா.

பஸ் காசு முழுக்கக் குடுத்தவர் பேர் போடவேண்டாம் எண்டுட்டார். மதாம் ட புல்லியோன் எண்ட பணக்கார விதவையும் அப்பிடித்தான், ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்குடுத்திட்டு தன்ர பேர் வெளிய வரப்படாது எண்டவ. இரோக்குவா எண்ட பூர்வகுடி ஆக்களோட சண்டையில ஊர் அழியப்போன நேரம், அந்தக் காசில 22,000 லீவ்ரை (அந்தக்காலத்துப் பிரெஞ்சுக் காசு) ழான் மான்ஸ் தூக்கி மேசொன்னேவிட்டக் குடுத்து, பிரான்சில போய் ஆள் சேருங்கோ எண்டு அனுப்பினா, பதிலுக்குக் காணி வாங்கினா, 1653ல நூறு பேரளவில வந்திறங்கினாப்பிறகுதான் ஊருக்கு மூச்சு வந்தது. தர்மக்காசை இப்பிடி மாத்தலாமோ எண்டு பஸ்ஸுக்குள்ள பெரிய சண்டை. என்னைக் கேட்டா அவ செய்தது சரி, ஊரே அழிஞ்சா கட்டிலில ஆரைக் கிடத்திறது?

பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு கேட்டது, மற்ற ஆக்களின்ர காணியில வந்து குடியேறி ஆஸ்பத்திரி கட்டினா அது தர்மமோ எண்டு. அங்க பூர்வகுடி ஆக்களுக்கும் வைத்தியம் பாத்தவைதான், ஆனா அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்ல, இரோக்குவா ஆக்கள் சும்மா சண்டைக்கு வரேல்ல. கேட்டதுக்கு நன்றி பிள்ளை.

1673ல செத்தவவை மேசொன்னேவுக்குச் சமனா ஊரை நிறுவினவ எண்டு மாநகரசபை 2012லதான் ஏற்றது, அவ்வளவு சுணக்கம்!

ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்த கடைக்கார அண்ணைக்கும் நன்றி. படம் எடுத்த ஆக்கள், சிலைக்குக் கீழ எடுத்த குரூப் ஃபோட்டோவைக் கெதியா வாட்ஸ்அப்பில போடுங்கோ, அம்மாமார் கேட்டபடி.